கலங்கல்

இறங்கும்போது ஆயிரத்து நூற்று நாற்பது அடி.
ஏறும்போது எண்ண மாட்டேன்.
எண்ணினால் கழுத்து ஆடும்,
கழுத்து ஆடினால்
தண்ணீர் முதுகில் இறங்கும்.

மஞ்சள் குடம், பதிமூன்று லிட்டர்.
அடியில் ஒரு விரிசலை
அம்மா கரண்டியைச் சுட வைத்து ஒட்டியிருக்கிறாள்.
அந்த இடம் மட்டும் கறுப்பு.
சும்மாடு, தர்னீஷின் பழைய கால்சட்டை.
ஜிப் மேலே வந்துவிட்டால் உச்சியில் குத்தும்.

எங்கள் ஊரிலும் குழாய் இருக்கிறது.
நீல நிறம், நட்டு மூன்று வருஷம்.
நட்ட அன்று என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துப்
படம் பிடித்தார்கள், சிரிக்கச் சொன்னார்கள்.
திருகினால் காற்று வரும்.
சில நாள் ஓர் எறும்பு வரும்.

அதனால் நான்
முதல் பஸ் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்கும்முன்
எஸ்டேட் முள்கம்பியின் நாலாவது தூண் அருகே குனிந்து,
காப்பிச் செடிகளுக்குள் இறங்கி,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசை தாண்டி,
பலாமரத்தடி ஊற்றுக்குப் போகிறேன்.
பங்குனியில் ஒரு மழை விழுந்தால்
செடி முழுக்கப் பூ.
யாரோ கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல
மலையே மணக்கும்.
அப்போதும் குடம் அதே கனம்தான்.

நிரம்பியதும் ஓர் இலை கிள்ளி
மேலே மிதக்க விடுவேன். அப்புறம் ததும்பாது.
ஏன் என்று அறிவியல் மிஸ்ஸைக் கேட்டேன்.
பாடத்தில் இல்லை என்றார்.

போன செவ்வாய்க்கிழமை
எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தது
ஒரு காட்டெருமை.
முழங்கால்வரை வெள்ளைக் காலுறை
போட்டதுபோல் இருந்தது;
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வழியில் தாகம் எடுத்தமாதிரி.
நான் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு
மூச்சைச் சின்னதாக விட்டேன்.
அது குடித்தது, குடித்தது,
தலை தூக்கி என்னைப் பார்த்தது,
மீண்டும் குடித்தது.
போகிற போக்கில் ஊற்றுக்குள்ளேயே காலை வைத்துப் போனது.

ஊற்று முழுக்கச் செம்மண் குழம்பு.
தெளியட்டும் என்று பாறையில் உட்கார்ந்தேன்.

முதலில் ஓரம் தெளிந்தது.
அப்புறம் பலாவின் ஒரு கிளை உள்ளே தெரிந்தது.
வால் நீண்ட ஒரு பறவை
கிளைக்குக் கிளை போய் ஒன்றும் செய்யாமல் இருந்தது.
நானும் ஒன்றும் செய்யவில்லை.
எனக்கே அப்போதுதான் தெரிந்தது,
ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

வீட்டில் என் பெயர்
ஏதோ ஒரு வேலையின் முதல் வார்த்தை.
மோனிஷா, அடுப்பைப் பார்.
மோனிஷா, தம்பிக்கு மூக்குத் துடை.
மோனிஷா, ரேஷன் கடையில் பாமாயில் போட்டாச்சா பார்த்துவிட்டு வா.
ஊற்றுக்கு என் பெயர் தெரியாது.

அன்றைக்கு இரண்டாம் பீரியட் நடுவில் போய்ச் சேர்ந்தேன்.
எருமை தண்ணி குடிச்சிட்டிருந்துச்சு மிஸ், என்றேன்.
யார் வீட்டு எருமை? என்றார்.
வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

புதன்கிழமை அது வரவில்லை.
வியாழனும் வரவில்லை.
தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது,
உடனே மொண்டு உடனே ஏற வேண்டிய தண்ணீர்.

வெள்ளிக்கிழமை
ஒரு குச்சி எடுத்தேன்.
சுற்றிலும் பார்த்துவிட்டு
அடிமண்வரை விட்டு
நன்றாகக் கலக்கினேன்.
பிறகு பாறையில் போய் உட்கார்ந்து
கையில் பட்ட சேற்றைப் பாவாடையில் துடைத்தேன்.

ஏன்டி இவ்வளவு நேரம்?
எருமை, என்றேன்.

அம்மா குடத்தை இறக்கி வாங்கினாள்.
என் பாவாடையைப் பார்த்தாள்,
விரலைப் பார்த்தாள்.
குடத்துக்குள் மிதந்த இலையை எடுத்துக்
கோழிகள் பக்கம் எறிந்துவிட்டு,
அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

எங்க ஊர் ஊத்துல
அது தெனமும் வரும்.